சட்டைப்பையில் தங்கிய பெயர்

அவளுக்குப் பூட்டம்மா என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள், மாமியார் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பது தெரியாமல் மாடிக் கதவைத் தாழிட்டாள். தாழ் சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தாள். படியிறங்கிப் பாதி வந்தவள் மறுபடி ஏறிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மாமியார் மேலிருந்து போட்ட கூச்சலில் அந்தத் தெருக் காக்கைகள் எல்லாம் குடும்பத்தோடு வேறு தெருவுக்குக் குடிபோனதாகவும், இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை என்றும் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கும் நாத்தனார், பணி முடிந்து வந்துதான் கதவைத் திறந்துவிட்டாள்.

“அம்மா, அண்ணன் உனக்கு மருமகளைக் கொண்டு வரல. பூட்டம்மாவைக் கொண்டு வந்திருக்கான்.”

அண்ணன்காரன் கப்பலில் வேலை செய்பவன். வீட்டில் இருக்கும் நாள்களைவிடத் தண்ணீர் மேல் இருக்கும் நாள்கள்தான் அதிகம். ஆகவே அந்த வீடு மூன்று பெண்களின் வீடு. மூன்று பேரிடமும் வாசல் சாவி உண்டு. ஆனாலும் பூட்டம்மா உள்ளே இருந்தால் சாவிக்கு மதிப்பில்லை. உள்தாழையும் போட்டுவிடுவாள். வெளியே தட்டினால் “யாரு?” என்பாள். குரல் தெரிந்தாலும் கேட்பாள். தட்டுகிற தட்டிலேயே ஆளைத் தெரிந்துகொண்டாலும் கேட்பாள்.

“நான்தான் அண்ணி.”

“நான்தான்னா?”

“உங்க மாமியாரோட ஒரே பொண்ணு. மழையில நனைஞ்சிட்டிருக்கேன். போதுமா, இன்னும் சாட்சி வேணுமா?”

இப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த வேலையும் அதே வேலைதான். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அவள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். அங்கே மருத்துவமனைகளுக்கான மென்பொருள் எழுதினார்கள். யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று பார்க்கிற பகுதி பூட்டம்மாவினுடையது. மேலாளருக்கு அவள்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. எதைச் சொன்னாலும் “ஆகட்டும்” என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் ஆகட்டும்தான்.

நாத்தனார் வேலை பார்த்த மருத்துவமனை, தன் மருந்து அறைக்குப் புது ஏற்பாடு வேண்டும் என்று கேட்டது. எல்லா வார்டுகளுக்கும் பொதுவான அறை அது. சுவர் முழுக்கப் பூட்டிய இழுப்பறைகள், எதிரே வரிசையாகத் திரைகள். கடவுச்சொல் போட்டால் இழுப்பறை திறக்கும். கடவுச்சொற்களோ அந்தந்தத் திரையின் ஓரத்திலேயே பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பூட்டம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளுக்கொரு கார்டு கொடுப்பது என்று முடிவு செய்தாள். கார்டுக்குள் ஒரு சான்றிதழ், அதற்கு ஜோடியாக ஒரு ரகசியச் சாவி. திரையில் கார்டைச் சொருகினால், அந்தப் பக்கத்தில் இருக்கும் சர்வர் என்ற மையக் கணினி தன் சான்றிதழைக் காட்டும். இந்தப் பக்கத்துக் கார்டும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பினால்தான் பேச்சே தொடங்கும். கார்டு இல்லாதவர் என்ன கெஞ்சினாலும் வாசலோடு சரி.

சாப்பாட்டு மேசையில் இதை விளக்கியபோது அவள் முகத்தில் அப்படி ஒரு ஒளி. அந்த வெளிச்சத்தில் மாமியார் ஊசியில் நூல் கோத்துவிட்டாள் என்று சொன்னால்கூட நம்பலாம்.

“நான் வேற யாரோ மாதிரி உள்ள போக முடியாதா?” என்று நாத்தனார் கேட்டாள்.

“முடியாது. சாவி கார்டை விட்டு வெளிய வராது. காப்பி எடுக்க முடியாது.”

“வேற யாராவது நான் மாதிரி போனா?”

“முடியவே முடியாது. அந்த மெஷின் ஒருத்தர் பேரைச் சொன்னா, அது அவங்கதான்.”

“அப்ப நம்ம வாசல்லயும் ஒண்ணு மாட்டிடுங்க அண்ணி. உங்க தொண்டையாவது மிஞ்சும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மெஷின் பேரைச் சொன்னால் அவர்தான் என்ற அந்த வாக்கியம் பிறகு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

புது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. சில வாரங்கள் கழித்து, பணி முடியும் முன்பே நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டாள். “யாரு?” என்று பூட்டம்மா கேட்டதற்குப் பதிலே இல்லை. கதவைத் திறந்தால், நாத்தனார் சீருடையோடு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கார்டு இல்லை. வாங்கி வைத்துக்கொண்டார்களாம்.

கடுமையான வலிக்குப் போடுகிற ஊசி மருந்து. போதை தருவது என்பதால் எண்ணி எண்ணிக் கொடுப்பது. அதில் கொஞ்சம் நாத்தனார் பெயரில் எடுக்கப்பட்டிருக்கிறது. அவள் வார்டில் அந்த மருந்து எழுதிக் கொடுக்கப்பட்ட நோயாளி ஒருவரும் இல்லை. எடுத்த மருந்து எங்கே என்று கேட்டார்கள். எடுக்கவில்லை என்றாள். மெஷின் சொல்கிறதே என்றார்கள். விசாரணை வைத்து, குற்றம் உறுதியானால் வேலையும் போகும், செவிலியாக இருக்கும் உரிமமும் போகும். மருந்து திருடியவள் என்ற பெயர் மட்டும் போகாது.

பூட்டம்மா அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். ஆனாலும் வாய் என்ன கேட்டது தெரியுமா?

“கார்டை அங்கயே சொருகி வச்சிட்டு எங்கயாவது போனியா?”

“இல்ல.”

“யாருக்காவது அவசரத்துக்குக் கொடுத்தியா? சும்மா சொல்லு.”

“கழுத்தை விட்டு எடுக்கவே இல்ல.” நாத்தனார் அவளையே பார்த்தாள். “சுத்தி வளைக்காதீங்க அண்ணி. எடுத்தியான்னு நேரா கேளுங்க.”

பூட்டம்மா கேட்கவில்லை. நீ எடுத்திருக்க மாட்டாய் என்றும் சொல்லவில்லை. நாத்தனார் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆகட்டும் ஒரு தாளை நீட்டினார். மருத்துவமனை கேட்டிருக்கிறது. ஒருவருடைய கார்டு இல்லாமல் அவர் பெயரில் இழுப்பறை திறக்க வழியுண்டா, இல்லையா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“உங்க வீட்டு விஷயம்னு தெரியும்,” என்றார். “உங்களுக்குச் சங்கடமா இருந்தா நானே போட்டுடறேன்.”

பூட்டம்மா யோசித்தாள். சொந்தக்காரி என்பதற்காக உண்மையை மாற்ற முடியுமா? வாசலை அவளே கட்டினாள். ஒவ்வொரு செங்கல்லையும் தட்டிப் பார்த்துக் கட்டினாள். பொய்க் கார்டு, காலாவதியான கார்டு, ரத்தான கார்டு, வேறு யாரோ அச்சடித்த கார்டு எல்லாவற்றையும் கொண்டு முட்டிப் பார்த்தாள். ஒன்றும் உள்ளே போகவில்லை. வழியில்லை என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். போடும்போது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. அதுதான் பின்னாளில் அவளை அதிகம் குத்தியது.

கையெழுத்து விஷயம் வீட்டுக்கு எப்படி வந்ததோ, அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. யாரும் சண்டை போடவில்லை. நாத்தனார் தன் சீருடைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். மாமியார் சமையலறையில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் பாத்திரங்களுக்குக் காது முளைத்துவிடும்.

“பாத்தியா,” என்று ஒரு குண்டானிடம் சொன்னாள், “மெஷினை ராத்திரி பகலா விசாரிக்கத் தெரியுது. அந்த நேரத்துல நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு இந்தப் பொண்ணை ஒரு வார்த்தை விசாரிக்கத் தெரியல.”

பூட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அவள் கார்டைப் பற்றிக் கேட்டாளே தவிர, ஆளைப் பற்றிக் கேட்கவே இல்லை. நாத்தனாரின் அறை வாசலில் போய் நின்றாள்.

“அந்த நேரத்துல நீ எங்க இருந்தே?”

“இப்பதான் ஞாபகம் வந்துச்சா?” நாத்தனார் திரும்பவில்லை. “மருந்து அறையிலதான் இருந்தேன். சலைன் பாட்டில் எடுக்கப் போனேன். கார்டைச் சொருகினேன், பாட்டில் இழுப்பறை திறந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்.”

“பக்கத்துல யாராவது இருந்தாங்களா?”

“பக்கத்துத் திரையில யாரோ அவசரமா எதையோ குத்திட்டிருந்தாங்க. முகத்தைப் பாக்கல. கையில உறை, உறையில ரத்தம். அவங்க இழுப்பறை திறக்க நேரமாச்சு போல, காலைத் தட்டிட்டே நின்னாங்க. நான் அவங்களுக்கு அப்புறம் வந்து, அவங்களுக்கு முன்னாடியே போயிட்டேன்.”

சலைன் எடுத்த பதிவைப் பூட்டம்மாவும் பார்த்திருந்தாள். ஊசி மருந்துப் பதிவுக்கு ஒட்டினாற்போல் அதுவும் இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்திருக்கிறாள் என்றுதான் மருத்துவமனையும் நினைத்தது, அவளும் நினைத்தாள். இப்போது நாத்தனாரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது: ஒரு கார்டுக்கு ஒரு சமயத்தில் ஒரே இழுப்பறைதான் திறக்கும். முதலாவதை மூடினால்தான் இரண்டாவது. அந்த விதியை எழுதியவளே அவள். அந்தப் பதிவுகளுக்கு நடுவே மூடித் திறக்க இடைவெளியே இல்லை. ஒரே கணத்தில் ஒருத்தி பெயரில் இரண்டு என்றால், அதில் ஒன்று அவளுடையது இல்லை.

வாசலில் ஓட்டை இல்லை. அப்படியானால் ஓட்டை வீட்டுக்குள்ளே.

அவள் பழைய மென்பொருளை எழுதிய காலத்தில், வருகிற ஒவ்வொருவருக்கும் சர்வருக்குள் ஒரு பணியாள் உண்டு; ஆளல்ல, ஆள் மாதிரி வேலை செய்யும் ஒரு நிரல். வாசலில் கூட்டிக்கொண்டு போவது முதல் வழியனுப்புவது வரை அவனே கூட இருப்பான். இழுப்பறை திறக்கத் தாமதமானால் கொட்டாவி விட்டுக்கொண்டு அங்கேயே நிற்பான். ஆகவே வந்தவர் பெயரை அவன் சட்டைப்பையில் எழுதிப் போட்டுவிடுவது பூட்டம்மாவின் வழக்கம். கடைசியில் பதிவு எழுதும்போது பையிலிருந்து எடுத்துப் பார்த்து எழுதுவான். வருஷக்கணக்காக ஒரு பிழை வந்ததில்லை. புது மென்பொருளோ ரியாக்டிவ் என்கிற, காத்திருக்காத முறையில் எழுதியது. அதில் பணியாட்கள் சிலர்தான். ஆனால் நிற்கவே மாட்டார்கள். இழுப்பறை திறக்கும்வரை சும்மா நிற்பானேன் என்று அடுத்தவரைக் கவனிக்க ஓடிவிடுவார்கள். திறந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்த ஓட்டத்தில்தான் அத்தனை வேகம்.

வாசலைப் புதிதாகக் கட்டிய பூட்டம்மா, பதிவு எழுதும் பகுதியை மட்டும் பழைய வீட்டிலிருந்து அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாள். நன்றாக ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்ற எண்ணம். அந்தச் சட்டைப்பையும் கூடவே வந்துவிட்டது. எத்தனை பேரைக் கவனித்தாலும் பணியாளுக்கு ஒரே பை. பையில் கடைசியாக விழுந்த பெயர்தான் பெயர்.

ஆனாலும் நினைப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை பகலில் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, இரண்டு லேப்டாப்களை எதிரெதிரே வைத்தாள். சோதனைக்கென்று சான்றிதழ்கள் செய்தாள். ஒன்றில் பூட்டம்மா என்றும், இன்னொன்றில் நாத்தனார் என்றும் பெயர் போட்டாள். ஊசி மருந்து இழுப்பறை மட்டும் வேண்டுமென்றே தாமதமாகத் திறக்கும்படி வைத்தாள்.

“வந்து உக்காரு,” என்றாள் நாத்தனாரிடம்.

“எதுக்கு? இதுலயும் என்னைப் பிடிக்கவா?”

“என்னைப் பிடிக்க.”

நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். பூட்டம்மா தன் பக்கத்தில் ஊசி மருந்தை அழுத்தினாள். இழுப்பறை திறக்கும்வரை சக்கரம் சுற்றியது. “இப்ப நீ சலைன் அழுத்து.” நாத்தனார் அழுத்தினாள். சலைன் உடனே வந்தது. பிறகு ஊசி மருந்தும் வந்தது. பதிவைத் திறந்தார்கள்.

சலைன்: நாத்தனார். ஊசி மருந்து: நாத்தனார்.

சுவர்க் கடிகாரம்கூட ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. நாத்தனார் திரையைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி.

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “எனக்கு ஒரு கார்டு கிடையாதா?”

அவளுக்கும் ஒன்று செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் அவள் பெயர் அத்தை. பூட்டம்மா அழுத்தினாள், நாத்தனார் அழுத்தினாள், கடைசியாக மாமியார் ஒற்றை விரலால், மாவு பதம் பார்ப்பதுபோல் அழுத்தினாள். இந்தத் தடவை எல்லா இழுப்பறைக்கும் தாமதம் வைத்திருந்தாள் பூட்டம்மா. பதிவு முழுக்க அத்தை, அத்தை, அத்தை.

“பாரு,” என்றாள் மாமியார், “இந்த வீட்டுல எது நடந்தாலும் பழி என் தலையிலதான் விழும்னு மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு.”

பூட்டம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நாத்தனாருக்கு இரண்டுமே வரவில்லை.

“நீங்க எழுதிக் கொடுத்த தாள் எங்க இருக்கு?”

“ஆஸ்பத்திரில.”

“போய் வாங்கிட்டு வாங்க.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னபோது, ஆகட்டும் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஆகட்டும் என்று சொல்லவில்லை. எழுந்து போய் ஜன்னலை மூடினார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் நின்றது.

“இதை இன்னும் எத்தனை ஆஸ்பத்திரியில போட்டிருக்கோம்னு உங்களுக்கே தெரியும். சத்தமில்லாம சரி பண்ணிடுங்க. விசாரணை அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆதாரம் போதலன்னு அவங்களே விட்டுடுவாங்க.”

“ஆதாரம் நான்தானே சார் கொடுத்தேன்.”

“விட்டுடுவாங்கம்மா.”

“விட்டுடலாம். திருடலன்னு சொல்ல மாட்டாங்க. திருடினதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்வாங்க. அதோட அவ எந்த வார்டுல போய் நிப்பா?”

பூட்டம்மா லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். மேசை இழுப்பறையைப் பூட்டினாளா என்று திரும்பி வந்து பார்க்கவில்லை.

மருத்துவமனையின் விசாரணை அறையில் கண்காணிப்பாளரும், தலைமைச் செவிலியும், மருந்தாளரும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் ஓர் ஓரத்தில், வெளி ஆள் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பூட்டம்மாவைப் பார்த்ததும் கண்காணிப்பாளர், தாளை உறுதிப்படுத்த வந்திருக்கிறாள் என்றே நினைத்தார்.

“நான் எழுதினது தப்பு,” என்றாள் பூட்டம்மா. “வாசல்ல யாருன்னு சரியாத்தான் கேட்டேன். உள்ள கூட்டிட்டுப் போன பிறகு, யார் பேரு யாரோடதுன்னு தொலைச்சிட்டேன். அந்தப் பதிவுல இருக்கிற பேரை நம்ப முடியாது.”

“எந்தப் பதிவுல?”

“எந்தப் பதிவுலயும்.”

தலைமைச் செவிலி தலையில் கை வைத்துக்கொண்டாள். பூட்டம்மா லேப்டாப்பைத் திறந்து செய்து காட்டினாள். அந்த நேரத்தில் ரத்தம் தோய்ந்த கையுறையோடு மருந்து அறைக்கு ஓடி வந்தது யார் என்று விசாரித்தார்கள். விபத்துப் பிரிவின் மருத்துவர் வந்தார். ஆமாம், நசுங்கிய காலோடு வந்த ஓட்டுநருக்குத் தான்தான் எடுத்துப் போட்டதாகச் சொன்னார். தன் பெயரில்தான் பதிவாகியிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, தங்களிடம் மிஞ்சியிருந்த பழைய இருப்பிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார் என்று அவர் பிரிவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாத்தனாரின் கார்டையும் கொடுத்தார்கள். மன்னிக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொன்னார். நாத்தனார் தலையசைத்துக் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நேராகத் தன் வார்டுக்குப் போனாள். பூட்டம்மா பக்கம் திரும்பவில்லை.

பிழையைச் சரி செய்வது பெரிய காரியமாக இல்லை. பெயரைப் பணியாளின் பையில் போடாமல், இழுப்பறையைத் திற என்று வந்த கோரிக்கையின் கழுத்திலேயே கட்டிவிட வேண்டும். அது எவன் கைக்கு மாறினாலும் பெயர் அதோடு போகும். செவிலியின் கழுத்தில் கார்டு தொங்குகிற மாதிரி. அவ்வளவுதான். எழுதி முடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சோதித்தாள். பிறகு மற்ற மருத்துவமனைகளுக்கும் அவளே போனாள். ஒவ்வோர் இடத்திலும், இதுவரை எழுதிய பெயர்களை நம்பாதீர்கள் என்று தன் வாயாலேயே சொன்னாள். ஓரிடத்தில் உட்காரச் சொன்னார்கள். ஓரிடத்தில் நிற்கவைத்தே திட்டினார்கள். ஓரிடத்தில், முன்பு இதே மாதிரி ஒருத்தியை வெளியே அனுப்பியிருக்கிறோமே, அவளை இப்போது எங்கே போய்த் தேடுவது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை வீடுவரை சுமந்துகொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. மெதுவாக, விட்டுவிட்டு, நாத்தனாரின் தட்டு. மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள், வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று. பூட்டம்மா போய்த் தாழை நீக்கி, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தாள்.

நாத்தனார் சீருடையில் நின்றாள். கார்டு கழுத்தில் இருந்தது. உள்ளே வரவில்லை.

“யாருன்னு கேக்கலையா?”

“தெரியும்.”

“அன்னைக்கும் தெரியும்தானே அண்ணி.”

பூட்டம்மா வழிவிட்டு ஒதுங்கினாள். நாத்தனார் அவளைத் தாண்டிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அறைக்குள் நுழைந்தாள். இந்தத் தடவை அறைக் கதவைச் சாத்தவில்லை. பாதி திறந்தபடியே விட்டாள். அது போதுமா, போதாதா என்று பூட்டம்மாவுக்குத் தெரியவில்லை.

வாசலிலேயே வெகுநேரம் நின்றாள். பிறகு எதையோ மறந்தவள்போல் உள்ளே போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. மாமியார்தான் வந்து தாழ் போட்டாள். போட்டுவிட்டு, அந்த வீட்டின் பழக்கம் விட்டுப்போகக்கூடாது என்பதுபோல், ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.